கழுத்து தெரிகிற மாதிரி

எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விடுகிற இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். சமையலறையில் கேஸ் சிலிண்டரைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். மிளகாய்த்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள் என்று எழுதி ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது என்னவென்று மூக்கு உள்ள எவருக்கும் தெரியும் என்றாலும். எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. அவர் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், கதவு மாட்டுகிற லைனில் டீம் லீடர். ஒரு பொருள் இருந்தால் அதற்கென்று ஓர் இடம் வேண்டும், இடம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு கோடு வேண்டும் அவருக்கு. கல்யாணமான புதிதில் எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது.

அவர்கள் கம்பெனியில் 'கைஸன்' என்று ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிற இடத்தில் எதையாவது சீர்ப்படுத்தினால், சீர்ப்படுத்துவதற்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி கேண்டீன் வாசல் பலகையில் மாட்டுவார்கள். இடது பக்கம் 'பிஃபோர்', வலது பக்கம் 'ஆஃப்டர்'. இடது படத்தில் ஸ்பேனர்கள் அலங்கோலமாகக் கிடக்கும், வலது படத்தில் வரிசையாகத் தொங்கும். மாதம் ஒருவருக்குப் பரிசு. எங்கள் வீட்டில் ஹாட் பாக்ஸ், சுவர்க் கடிகாரம், ஃபிளாஸ்க், குடை என்று எதை எடுத்தாலும் கம்பெனி முத்திரைதான். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு லைனில் நல்லது ஒன்று செய்தால் அதை மற்ற லைன்களுக்கும் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 'ஹரிசாண்டல்' என்பார்கள் அதை. தன்னோடு வைத்துக்கொள்வது தப்பு. இந்த இரண்டு வழக்கங்களும் ஸ்பேனர்களுக்கு நல்லவைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். 2006ல் வேலைக்கென்று ஸ்ரீபெரும்புதூர் வந்து, பென்னலூரில் ஓர் அறையில் மற்ற பெண்களோடு தங்கியிருந்தேன். காருக்குள் ஓடுகிற வயர்களைக் கற்றை கற்றையாகக் கட்டுகிற கம்பெனியில் வேலை. அறையின் வீட்டுக்கார அம்மாவுக்குப் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு தங்கை இருந்தார். அந்தத் தங்கையின் மகன்தான் இவர். பயிர் வைத்த நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன குடும்பம். ஒரு வேன் நிறைய ஆட்களோடு எங்கள் ஊருக்குப் பெண் கேட்டு வந்தார்கள். அப்பாவுக்கு மாப்பிள்ளையின் நிரந்தர வேலை பிடித்திருந்தது. எனக்கு, இவர் வேனிலிருந்து இறங்கியதும் நேராகப் போய் எங்கள் வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருகிப் பார்த்து, "வாசர் போயிட்டு கீது" என்று சொன்னது பிடித்திருந்தது. இதற்கெல்லாம் ஒருத்தி கழுத்தை நீட்டுவாளா என்று கேட்காதீர்கள். நீட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் இருவரையும் நடத்தியது ஷிஃப்ட். அவருக்குக் காலை ஷிஃப்ட் என்றால் எனக்கு மாலை. எனக்குக் காலை என்றால் அவருக்கு மாலை. மகள் பிறந்த பிறகு வேண்டுமென்றே அப்படி அமைத்துக்கொண்டோம், குழந்தையோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே. வீட்டுச் சாவியும் குழந்தையும் கைமாறுகிற நேரத்தில் பேசிக்கொள்வோம்.

"பால் காய்ச்சியாச்சு. சிலிண்டருக்குச் சொல்லிட்டீகளா?"

"சொல்ட்டேன். கொயந்தைக்கு மூக்கு ஒழுவுது, பாத்துக்கோ."

லைனில் ஒரு ஷிஃப்ட்டிலிருந்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு வேலையை ஒப்படைப்பது போல. அதில் சண்டை வராது. சண்டை போடுவதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டுமல்லவா?

2010 வாக்கில் என் அம்மா இறந்துபோனாள். லைனில் போனை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், ஆகையால் சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டித்தான் எனக்குத் தெரிந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இவருக்கு அன்றைக்குக் கம்பெனியில் ஆடிட். முடித்துவிட்டு வருகிறேன் என்றார். மறுநாள், தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வாடகைக் காரில் வந்து இறங்கினார். கம்பெனி சட்டை. கழுத்தில் நீல நாடாவில் ஐடி கார்டு.

எங்கள் பக்கத்தில் மாமியார் சாவுக்கு மருமகன் வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவர வேண்டும். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். கையில் ஒன்றுமில்லை. நேராக அம்மாவிடம் போய்க் குனிந்தார். குனிந்தபோது அந்த ஐடி கார்டு முன்னால் சரிந்து அம்மாவின் முகத்தின் மேல் விழுந்தது. கார்டில் அவருடைய படம், பல் தெரியச் சிரிக்கிற படம். அது அம்மாவின் கன்னத்தில் கிடந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, என் அண்ணனிடம் திரும்பி, "எப்ப எடுப்பீங்க மச்சான்?" என்று கேட்டார். காட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் அதே காரில் போய்விட்டார்.

அதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது பேசுவது? சாவி கைமாறும்போதா? ஆனால் அன்றிலிருந்து அவர் சட்டையைத் துவைக்கிறபோதெல்லாம் அந்தப் பையைத் தனியாகத் தேய்த்தேன். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சில வருடங்கள் கழித்து எங்கள் கம்பெனியில் லைனை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கான்ட்ராக்டில் இருந்த எங்களை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் படப்பையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். முதல் முறையாக நான் நாள் முழுதும் வீட்டில் இருந்தேன். அவர் வேலை முடிந்து வந்தால் எதிரே நான் இருப்பேன். அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் டிவியைப் பார்ப்பார், நான் டிவியைப் பார்க்கிற அவரைப் பார்ப்பேன். கையைத் தொட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மேல் பட்டுவிட்டது போல இருவரும் நகர்ந்துகொள்வோம்.

இந்த நேரத்தில்தான் அவருடைய கம்பெனி பஸ்ஸில் யாரோ அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மனதால் விலகிப்போன கணவன் மனைவிக்கு நெருக்கம் வரவழைக்கிற ஆன்லைன் பயிற்சி. போனிலேயே பாடம், போனிலேயே வீட்டுப்பாடம், சேர்ந்தவர்களுக்கென்று ஒரு குழு. நடத்துகிறவர் ஒரு வெள்ளை ஜிப்பாக்காரர். நெற்றியில் விழுகிற முடியை அடிக்கடி ஒதுக்கிக்கொண்டு, தேன் தடவின குரலில் பேசுவார். முதல் பாடத்தை என் வீட்டுக்காரர் எனக்குப் போட்டுக் காட்டினார்.

"உங்கள் துணையின் கண்களுக்குள் பாருங்கள். அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது" என்றார் ஜிப்பாக்காரர்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "இது என்னத்துக்கு நமக்கு?" என்றேன்.

"டிரெய்னிங்கும்மே. கத்துக்கினா நல்லதுதான? கம்பெனில எவ்ளோ டிரெய்னிங் போறேன்" என்றார்.

அவருக்கு அது அப்படித்தான். வெல்டிங் பயிற்சி, தீயணைப்புப் பயிற்சி, பெண்டாட்டிப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மகள் டியூஷனுக்குப் போனதும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போடுவார். நாற்காலிக் கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் சின்னதாக மஞ்சள் டேப். நம்புங்கள், ஒட்டியிருந்தார். போனை அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருவார், ஜிப்பாக்காரர் அப்படிச் சொல்லியிருந்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, போனில் மணி அடிக்கும் வரை வைத்திருப்பார். அடித்ததும் விட்டுவிடுவார். இதைவிட என்னைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

பேச்சுப் பாடம் அதைவிட மோசம். பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த மனுசன், மண்டையை ஆட்டிக்கொண்டு, "இன்று நீ எப்படி உணர்கிறாய்?" என்பார். நான் எதையாவது சொன்னால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அது பாடம். "முதுகு வலிக்குது" என்றால், "உனக்கு முதுகு வலிக்கிறது என்று நான் கேட்கிறேன்" என்பார். கேட்டால் போய் மருந்து வாங்கிவர வேண்டியதுதானே? உட்கார்ந்து தலையாட்டுவார்.

இவ்வளவு திட்டுகிறேனே, ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாடம் வேலை செய்துவிட்டது.

அன்றைய பாடம், துணையிடம் சொல்லாமல் விட்ட ஒன்று. ஜிப்பாக்காரர் பேசி முடித்தார், போன் அமைதியானது. இவர் எதிரே உட்கார்ந்து கையைத் தொடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது.

"எங்கம்மா செத்தன்னைக்கு வந்தீகள்ல. கழுத்துல கார்டோட வந்தீக. குனியிறப்போ அது எங்கம்மா மூஞ்சி மேல விழுந்துச்சு. நீங்க எடுத்துச் சட்டப் பையில போட்டுக்கிட்டீக. எங்கம்மாவப் பாக்கக்கூட இல்ல. எப்ப எடுப்பீங்கன்னு எங்கண்ணனக் கேட்டீக. அன்னைலருந்து உங்களத் தொடுறப்போ எல்லாம் எனக்கு அந்தக் கார்டுதான் கன்னத்துல படுறாப்புல இருக்கு."

அவர் திருப்பிச் சொல்லவில்லை. தலையாட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படிக் கோணிப் போய் நான் பார்த்ததே இல்லை.

"நா பாக்கலம்மே. கார்டு வுழுந்ததே எனுக்குத் தெர்ல. கயட்ட மறந்துட்டு வந்துக்கினேன்... சத்தியமா தெர்ல" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போனில் மணி அடித்தது, அப்போதும் என் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன். காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவரே டீ போடுவார். படப்பைக் கடைத்தெருவுக்கு இரண்டு பேரும் நடந்தே போய்க் காய்கறி வாங்கி வருவோம். போகிற வழியில் லைனில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லுவார், நான் என் பழைய லைனில் நடந்ததைச் சொல்லுவேன். நாற்காலிக்குக் கீழே இருந்த மஞ்சள் டேப் உரிந்துபோயிற்று, அவர் மறுபடி ஒட்டவில்லை. அந்த ஜிப்பாக்காரரைக்கூட நான் மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் பக்கத்தில் நின்றாள், அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கம்மி என்பது தெருவுக்கே தெரியும்.

"யக்கா, இத்த கேளேன். எங்க அண்ணி அனுப்ச்சா. யாரோ ஒரு அம்மா, அவங்கம்மா சாவுக்குப் புருசங்காரன் வந்தத சொல்லுது. கேட்டாலே அய்கை வந்துடுது" என்று போனைத் தட்டினாள்.

முதலில் ஜிப்பாக்காரர் குரல். நம் பயிற்சியில் சேர்ந்த ஓர் எளிய தொழிலாளித் தம்பதி, இவர்களுக்கு நடந்த அற்புதம் உங்களுக்கும் நடக்கலாம், இன்றே சேருங்கள் என்றார். அதற்குப் பின்னால் புல்லாங்குழல். புல்லாங்குழலுக்கு நடுவே ஒரு பெண் குரல். எங்கம்மா செத்தன்னைக்கு வந்தீகள்ல.

குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை. எங்கம்மா மூஞ்சி மேல என்று அந்தக் குரல் சொல்லும் இடத்தில் புல்லாங்குழல் கொஞ்சம் ஏறி இறங்கியது. என் அம்மாவின் பிணத்துக்கு யாரோ பாட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தபோது எனக்கு நிஜமாகவே வாந்தி வந்தது. குழாயடியிலேயே குனிந்தேன்.

"இன்னாக்கா ஆச்சு?" என்று தோளைப் பிடித்தாள் எதிர்வீட்டுப் பெண். பிறகு, "உங்க ஊருப் பேச்சு மாரியே கீது இல்ல..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். போனை அணைத்தாள். என் குடத்தைத் தூக்கி என் வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்தக் குடத்தை அவள் தூக்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் வந்ததும் கேட்டேன். எப்படி என் குரல் வெளியே போயிற்று?

அவர் திடுக்கிடவில்லை. முகம் மலர்ந்தது. "நீயும் கேட்டியா? நல்லா போயிக்கினு கீது. வீட்டுப்பாடத்த ரெக்கார்டு பண்ணி அனுப்பணும், எவிடன்ஸ் வோணும் இல்ல? சார் கேட்டுட்டு, இதுதான் பெஸ்டுன்னு சொன்னாரு. எல்லாருக்கும் போடலாமான்னாரு. போடுங்கன்னேன்."

"என்கிட்டக் கேக்கலயே."

"பேரு போடலியேம்மே. நம்ம லைன்ல ஒரு நல்லது நடந்தா மத்த லைனுக்கும் சொல்லணும்ல? எத்தினி வூடு இதனால நல்லாகும்."

"நான் லைனா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை, அதுதான் கொடுமை. என்னை விற்றுக் காசு பார்த்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் தன் வாழ்நாளின் மிக நல்ல கைஸனைப் பலகையில் மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். டிரம்மின் மேல் சாய்ந்து நின்ற அந்தப் போன், நான் பேசியபோதும் அவர் அழுதபோதும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அழுதது நிஜம். போன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே அழுததும் நிஜம். இந்த இரண்டையும் எப்படி ஒரே மனுசன் உடம்புக்குள் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து நாற்காலிகளைப் போட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். அதற்கும் ஒரு பாடம் இருந்தது. முதலில் என் தவறு இது என்று சொல்ல வேண்டும், அடுத்து உன் வலி இது, அடுத்து என் வருத்தம் இது, கடைசியில் இனி நான் செய்யப்போவது இது. அவர் முதல் இரண்டைச் சொல்லி முடித்து மூன்றாவதுக்கு வந்தபோது நான் எழுந்துபோய் டிரம்மின் மேல் குப்புறக் கிடந்த போனைத் திருப்பினேன். சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எவிடன்ஸா?" என்றேன்.

"கடைசிப் பாடம்மே. இத்த அனுப்புனாதான் முடிஞ்ச மாரி" என்றார், குரலைத் தாழ்த்தி, ரெக்கார்டில் விழுந்துவிடாமல்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். "மன்னிச்சிட்டேங்க" என்றேன். நல்ல தெளிவாக, போனுக்குக் கேட்கிற மாதிரி. அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அன்றோடு நான் பேச்சை மூடிவிட்டேன். ஊமையாகிவிடவில்லை, அப்படி ஆனால் அதற்கும் ஒரு பாடம் இருக்கும். இன்று நீ எப்படி உணர்கிறாய் என்றால் நல்லா இருக்கேங்க என்பேன். மனதில் ஏதாவது இருக்கிறதா என்றால் ஒன்றுமில்லீங்க என்பேன். அவர் தலையாட்டிக்கொள்வார். பயிற்சி முடிந்ததற்கு ஒரு சான்றிதழ் வந்தது. ஓரத்தில் ரோஜாப்பூ போட்டு, நடுவில் எங்கள் இரண்டு பேர் பெயரும். கண்ணாடி போட்டு, கம்பெனி கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.

2015ல் அப்பாவும் போய்விட்டார்.

அண்ணன் போன் செய்தபோது இவர் மாலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் அங்கேயே போன் போட்டு லீவு சொன்னார். "பேக்க எடு, நா கோடி வாங்கிக்கினு வரேன்" என்று ஓடினார். நல்ல வேட்டியாக வாங்கி வந்தார். பஸ்ஸில் மகளை மடியில் போட்டுத் தூங்க வைத்தார். ஊர்வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், மணி எதுவும் அடிக்கவில்லை. இந்த மனுசனை நான் ரொம்பத்தான் வெறுத்துவிட்டேனோ என்று மதுரை தாண்டும்போது தோன்றியது. அப்பாவுக்காக அழுகிற அழுகையில் கொஞ்சம் இவருக்காகவும் இருந்தது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். இவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கோடியைப் போட்டார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எல்லாம் சரியாக, எங்கள் சொந்தக்காரர்கள் மெச்சும்படி செய்தார். எழுந்து நின்று, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைத் தேடினார். நான் பார்த்ததும் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். வெறும் கழுத்து. பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார்.

அப்பா தலைமாட்டில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. இவர் அதைத் தாண்டி என் பக்கத்தில் வந்து, என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, தன் போனை அவன் கையில் கொடுத்தார்.

"ஒரு போட்டோ எடு மாப்ள. நானும் உங்கக்காவும், பின்னால மாமா. கயுத்து தெரியிற மாரி எடு" என்றார்.

அவன் விழித்தான். இவர் என் காதோரம் குனிந்தார். "குரூப்ல எல்லாம் கேட்டுக்கினே கீறாங்கம்மே, அப்பறம் இன்னா ஆச்சுன்னு. அன்னிக்கு கார்டோட வந்தேன், இன்னிக்கு கார்டு இல்லாம வந்துக்கீறேன். இதான் ஆஃப்டரு."

அப்பா செத்துக் கிடந்தது இவருக்கு வலது பக்கப் படம். என் அம்மா இடது பக்கப் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கீழே புல்லாங்குழல் போட்டு, யாரோ ஒரு ஜிப்பாக்காரர் இன்றே சேருங்கள் என்பார். நான் சத்தம் போடவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனேன். உள்ளறையில் எங்கள் பை இருந்தது. ஊரிலிருந்து நேராக ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டியிருக்குமென்று அவர் ஐடி கார்டைக் கொண்டுவந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். சட்டை மடிப்புக்கு நடுவில், நாடாவை ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பந்தலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நீல நாடாவை விரித்து அவர் தலை வழியாகக் கழுத்தில் போட்டேன். கல்யாண மாலைக்குப் பிறகு அவர் கழுத்தில் நான் போட்டது அது ஒன்றுதான். கார்டைத் திருப்பி, சிரிக்கிற படம் வெளியே தெரியும்படி நெஞ்சில் சரி செய்தேன்.

சித்தப்பா மகன் இன்னும் போனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றிருந்தான்.

"இப்ப எடுய்யா" என்றேன். "கழுத்து நல்லாத் தெரியிற மாதிரி."